எத்தனை ஆண்டுகளை விற்றீர்கள்?

மினசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர்களான போலாட் குடும்பத்தாருக்கும், 2025-ல் உங்களோடு சேர்ந்த புதிய பங்குதாரர்களுக்கும்,

2025 ஜூலை 31, மினசோட்டா நேரம் மாலை 5 மணிக்கு, அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ள அந்த சீசனின் கடைசி நேரமான ட்ரேட் டெட்லைன் முடிந்தது. அந்த வாரத் தொடக்கத்தில் அணியில் இருந்த 26 பேரில் 10 பேர் அப்போது எங்கள் அணியில் இல்லை. கார்லோஸ் கோரெயா ஹூஸ்டனுக்குப் போனார். ஜோவான் டுரானும் ஹாரிசன் பேடரும் பிலடெல்பியாவுக்கு. கிரிஃபின் ஜாக்ஸ் டாம்பா பேக்கு. லூயி வார்லண்டும் டை ஃபிரான்ஸும் டொரான்டோவுக்கு. வில்லி காஸ்ட்ரோ, பிராக் ஸ்டூவர்ட், டேனி கூலம், கிறிஸ் பேடக் என்று மற்றவர்கள் ஆளுக்கொரு ஊருக்கு. அன்று 51 வெற்றி, 57 தோல்வி என்ற நிலையில் இருந்த அணி, அதற்குப் பிறகு ஆடிய 54 ஆட்டங்களில் 19-ஐ மட்டுமே வென்றது.

வீரர்களை விற்றதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. விற்பதற்கு ஒரு நியாயம் உண்டு என்பது பேஸ்பால் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த நியாயத்தின் எல்லையைத் தாண்டிப் போய் விற்றீர்கள். எவ்வளவு தூரம் தாண்டினீர்கள் என்பதை எங்களிடம் இன்னும் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பேஸ்பால் அவ்வளவாகப் பார்க்காத தமிழ் வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகுக்கு வரும் ஒரு வீரர் ஆறு சீசன் பணி முடிக்கும்வரை தன் அணியின் கட்டுப்பாட்டில் இருக்கிறார். முதல் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025-ல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு, அணியும் வீரரும் உடன்படாவிட்டால் நடுவர் தீர்மானிக்கும் முறையில் சம்பளம் ஏறும். ஆறு முடிந்த பிறகே அவர் ஃப்ரீ ஏஜென்ட், விரும்பிய அணியோடு பேசலாம். இதனால் ஜூலை இறுதியில் வெற்றிவாய்ப்பு மங்கிய அணி, அந்த ஆண்டோடு விட்டுப் போகப்போகிற வீரரை, கோப்பைக்குப் போராடும் அணியிடம் கொடுத்துவிட்டு கீழ்மட்டமான மைனர் லீகில் ஆடும் இளைஞர்கள் ஓரிருவரை வாங்கிக்கொள்ளும். எப்படியும் இழக்கப்போகிறவருக்கு ஈடாக எதிர்காலத்தில் ஏதாவது கிடைக்கும் என்பதே டெட்லைன் விற்பனையின் நியாயம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பத்துப் பேரைப் பாருங்கள். காஸ்ட்ரோ, பேடக், ஃபிரான்ஸ், கூலம் ஆகியோரின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. பேடரும் ஏறக்குறைய அதே நிலையில்தான். இவர்களை விற்றதில் எனக்கு ஒரு சொல்கூட மறுப்பு இல்லை. ஆனால் டுரானும் ஜாக்ஸும் 2027 முடியும்வரை உங்களுடையவர்கள். வார்லண்ட் 2030 வரை உங்களுடையவர். கோரெயாவுக்கும் இன்னும் பல ஆண்டு ஒப்பந்தம் மீதி இருந்தது. 2027 வரை இருக்கிற குளோசரை, அதாவது முன்னிலையைக் காக்கக் கடைசி இன்னிங்ஸில் பந்து வீசும் டுரானைப் போன்றவரை, 2025-ல் ஓர் அணி விற்கிறது என்றால், 2026-லும் 2027-லும் ஒன்பதாவது இன்னிங்ஸில் காப்பாற்ற வேண்டிய முன்னிலை அதிகம் இருக்காது என்று அது முடிவு செய்துவிட்டது என்றுதான் பொருள். அந்த முடிவை எங்களிடம் எப்போது சொல்வதாக இருந்தீர்கள்?

என் நண்பர்கள் சிலர் இந்த வாதத்தை ஏற்பதில்லை. அலுவலகத்திலும், மைதானத்துக்குப் போகும் லைட் ரயிலிலும் இதைப் பற்றி நாங்கள் பேசித் தீர்ந்ததில்லை. அவர்கள் தரப்பு வலுவானது. அதை மறைத்துவிட்டு உங்களிடம் வழக்காடுவது நேர்மையாகாது. ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் ரிலீஃப் பிட்சர்கள் நம்ப முடியாதவர்கள், ஆண்டுக்கு அறுபது, எழுபது இன்னிங்ஸ்தான் வீசுகிறார்கள், இந்த ஆண்டு தொட முடியாமல் வீசியவருக்கு அடுத்த ஆண்டு தோள் போய்விடும், ஆகவே விலை உச்சத்தில் இருக்கும்போது விற்பதே புத்தி என்பார்கள். டுரானுக்கு ஈடாக வந்த மிக் ஏபெல், எடுவார்டோ டாய்ட் இருவருமே பிலடெல்பியா பொத்திப் பாதுகாத்த இளைஞர்கள். ஜாக்ஸுக்கு ஈடாக டாஜ் பிராட்லி என்ற தொடக்க பிட்சர் வந்தார். ஒவ்வொரு ட்ரேடையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் நீங்கள் ஏமாறவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

டுரானே இப்படி வந்தவர்தான் என்று இன்னொருவர் சொல்வார். உண்மை. 2018 ஜூலையில் எல்லாரும் விரும்பிய எடுவார்டோ எஸ்கோபாரை அரிசோனாவுக்கு அனுப்பியபோது, பதிலுக்கு வந்த மூன்று பேரில் ஒருவர் யாருக்கும் தெரியாத டுரான். 2021-ல் நெல்சன் குரூஸைக் கொடுத்து ஜோ ரயனை வாங்கியதும் அருமையான வேலை. ஆனால் எஸ்கோபார், குரூஸ் இருவருக்கும் அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடியவிருந்தது. நான் சொல்லும் எல்லைக்குள் நடந்த விற்பனைகள் அவை.

எங்கள் சண்டையின் வேர் வீரரின் மதிப்பு எது என்பதில் இருக்கிறது. இப்போது எல்லாரும் ‘வார்’ என்ற எண்ணைச் சொல்கிறார்கள்: எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட இந்த வீரரால் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகக் கிடைக்கிறது என்ற மதிப்பீடு. நல்ல எண்தான். ஆனால் ட்ரேட் பேச்சில் அந்த எண்ணோடு கணக்கு நிற்பதில்லை. அந்த வெற்றிகளுக்குச் சந்தையில் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும், இவருக்கு உண்மையில் கொடுக்கும் சம்பளம் எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்த மிச்சத்தைத்தான் ‘மதிப்பு’ என்கிறார்கள். அதனால்தான் குறைந்த சம்பளம் வாங்கும் டுரானுக்கு இரண்டு பெரிய இளைஞர்கள் கிடைத்தார்கள். அதனால்தான் 2023 ஜனவரியில் ஆறு ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட கோரெயாவை அனுப்ப, நீங்களே 3.3 கோடி டாலரைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கைக்கு வந்தது ஒரு மைனர் லீக் பிட்சர்.

உங்கள் கணக்கு ஏட்டில் கோரெயா ஒரு பாரம். 2023 அக்டோபரில் அந்த மைதானத்தில் நின்ற எங்களுக்கு அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். 2004-லிருந்து, வழக்கமான சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் தொடர்ந்து 18 தோல்வி. மினசோட்டாவில் பிறந்த ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதுவரை தன் அணி ஒரு பிளேஆஃப் ஆட்டத்தையாவது வென்று பார்த்ததில்லை. அக்டோபர் 3 அன்று டொரான்டோவுக்கு எதிராக எங்கள் ராய்ஸ் லூயிஸ் இரண்டு ஹோம் ரன் அடித்தார். மெதுவாக உருண்டுவந்த பந்தை ஓடிவந்து எடுத்த கோரெயா, நிலைகுலைந்தபடியே வீட்டுத்தட்டுக்கு எறிந்து ஒரு ரன்னைத் தடுத்தார். மறுநாள் இரண்டாவது பேஸில் நின்ற டொரான்டோவின் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் பேஸை விட்டு விலகிய நேரத்தில், எங்கள் பிட்சர் சானி கிரேயும் கோரெயாவும் கண்ணால் பேசிக்கொண்டு பந்தை எறிந்து அவரை அவுட்டாக்கினார்கள். அந்த நொடி மைதானத்தில் எழுந்த சத்தம் போல ஒன்றை இந்த ஊரில் நான் கேட்டதில்லை. இரண்டு நாளும் கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுத்தவர் டுரான். விளக்குகளை அணைத்துவிட்டு, திரைகளில் தீ எரிய அவர் ஓடிவரும்போது, பக்கத்தில் இருப்பவர் எந்த நாட்டுக்காரர், எந்தக் கட்சிக்காரர் என்று யாரும் பார்ப்பதில்லை. என் மகள் பேஸ்பால் விதிகளைக் கற்றதே அந்த ஒன்பதாவது இன்னிங்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில்தான்.

இதையெல்லாம் எந்த எண்ணிலும் அடக்க முடியாது என்று கண்கலங்கச் சொல்ல நான் வரவில்லை. எண்களாலேயே பேசுகிறேன். அந்த வெற்றிக்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் என்ன செய்தீர்கள்? சம்பளப் பட்டியலில் சுமார் 3 கோடி டாலரை வெட்டினீர்கள். சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்த சானி கிரே செயின்ட் லூயிஸுக்குப் போய்விட்டார். 2024 டெட்லைனில் அணி பிளேஆஃப் இடத்துக்கு வலுவாகப் போராடிக்கொண்டிருந்தது. நீங்கள் வாங்கிக் கொடுத்தது டிரெவர் ரிச்சர்ட்ஸ் என்ற ஒரே ஒரு ரிலீவரை. அவரும் ஆகஸ்ட் முடிவதற்குள் கழற்றி விடப்பட்டார். 70 வெற்றி, 53 தோல்வி என்று உயரத்தில் நின்ற அணி கடைசி 39 ஆட்டங்களில் 12-ஐ மட்டும் வென்று வெளியே விழுந்தது. வாங்க வேண்டிய ஆண்டில் ஒருவர், விற்கிற ஆண்டில் பத்துப் பேர். இந்த இரண்டு ஜூலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ரசிகர் உங்கள் நோக்கத்தைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

சரியாக விற்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. உங்கள் குடும்பம் 1984 முதல் இந்த அணியை வைத்திருக்கிறது. 1989 ஜூலை 31 அன்று, இதே டெட்லைன் நாளில், ஃபிராங்க் வயோலாவை நியூயார்க் மெட்ஸுக்கு விற்றவர் கார்ல் போலாட். கோப்பையை முடிவு செய்யும் உலகத் தொடரில் 1987-ன் சிறந்த வீரர், 1988-ன் சை யங் வெற்றியாளர் வயோலா. ஊரே கொதித்தது. பதிலுக்கு வந்தவர்களில் ரிக் அகிலெராவும் கெவின் டபானியும் இருந்தார்கள். 1990-ல் அணி கடைசி இடம். அதோடு விட்டிருந்தால் இன்றைய கதைதான் அன்றும். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பணத்தை எடுத்து வெளியே வைத்தார்கள். செயின்ட் பாலில் பிறந்த ஜாக் மோரிஸ் வந்தார், சில்லி டேவிஸ் வந்தார், மைக் பாக்லியருலோ வந்தார். 1991-ல் டபானி 16 ஆட்டங்களை வென்றார், அகிலெரா 42 ஆட்டங்களைக் காப்பாற்றினார், மோரிஸ் ஏழாவது ஆட்டத்தில் பத்து இன்னிங்ஸும் தானே வீசி 1-0 என்று உலகத் தொடரை முடித்தார். விற்பனை பாதி வேலை. மீதிப் பாதி, விற்றதில் கிடைத்தவர்களைச் சுற்றி ஓர் அணியைக் கட்டுவது. அந்த மீதிப் பாதிக்கு இப்போது உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது?

டெட்லைன் கணக்குகள் மைதானத்தில் எப்படியெல்லாம் மாறும் என்பதற்கும் நம் ஊரே சாட்சி. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட், டாயில் அலெக்சாண்டர் என்ற மூத்த பிட்சருக்காக ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயது இளைஞரை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அலெக்சாண்டர் தோல்வியே இல்லாமல் 9 ஆட்டங்களை வென்று டெட்ராய்டைப் பிளேஆஃபுக்குக் கொண்டுவந்தார். அங்கே அவரை இரண்டு முறை அடித்து வீட்டுக்கு அனுப்பியது ட்வின்ஸ்தான். ஸ்மோல்ட்ஸ் பின்னால் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். டெட்ராய்ட் ஏமாந்தது என்று இன்றுவரை சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன் ரசிகர்களுக்கு அந்த ஆண்டே ஒரு செப்டம்பரைக் கொடுக்க அந்த அணி துணிந்தது. 2025 செப்டம்பரை எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

லூயி வார்லண்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செயின்ட் பால் பக்கத்துப் பையன். இங்கேயே பள்ளி, இங்கேயே கான்கார்டியா பல்கலைக்கழகம். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019-ல் 15-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டு, தொடக்க பிட்சராகத் தடுமாறி, ரிலீவராக மாறி நிலைத்தவர். 2030 வரை குறைந்த செலவில் உங்களிடம் இருந்திருப்பார். உங்கள் அளவுகோலின்படியே பார்த்தாலும் இவர் மதிப்புள்ளவர். அதே ஆண்டு அக்டோபரில் டொரான்டோவுக்காக 15 பிளேஆஃப் ஆட்டங்களில் வீசினார். ஒரே பிளேஆஃபில் வேறு எந்த பிட்சரும் அத்தனை ஆட்டங்களில் வீசியதில்லை. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போன அந்த அணியை, எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து வேறு ஊரின் அணியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இது உங்கள் சொத்து, விற்பதும் வைப்பதும் உங்கள் உரிமை என்று சொல்வீர்கள். சட்டப்படி சரி. ஆனால் டார்கெட் ஃபீல்ட் மைதானத்தைக் கட்டியதில், மினியாபோலிஸ் இருக்கும் ஹென்னபின் கவுன்டியின் பங்கு சுமார் 35 கோடி டாலர். அதற்காக 2007 முதல் இந்தக் கவுன்டியில் 0.15 சதவீத விற்பனை வரி போடப்பட்டது. வழக்கமாக இப்படிப்பட்ட வரிக்கு நடத்த வேண்டிய வாக்கெடுப்பைச் சட்டம் இயற்றி விலக்கினார்கள். நான் இங்கே வாங்கிய மிக்ஸியிலும், குடும்பத்தோடு சாப்பிட்ட உணவகங்களிலும் உங்கள் மைதானத்துக்கான காசு போயிருக்கிறது. பேஸ்பாலே பார்க்காத என் பக்கத்து வீட்டுக்காரரும் கட்டியிருக்கிறார். 2001-ல் லீக் இரண்டு அணிகளைக் கலைக்க முடிவெடுத்து, அதில் ஒன்று ட்வின்ஸ் என்று ஆனபோது, அணியை 2002-லும் ஆடவைத்தது ஹென்னபின் கவுன்டி நீதிமன்றத்தின் தடை உத்தரவு. அந்த 2002 அணி, லீகில் தன் பிரிவான டிவிஷனை வென்றது. இந்த ஊர் தன் பங்கைச் செய்திருக்கிறது. பதிலுக்கு விளக்கம் கேட்கும் தகுதி எங்களுக்கு உண்டு.

2010-ல் இந்த மைதானம் திறந்த ஆண்டு 32 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2025-ல் அந்த எண் 18 லட்சத்தைக்கூட எட்டவில்லை. கூட்டம் வராததால் செலவைக் குறைக்கிறோம் என்ற விளக்கத்தை நான் கேட்டிருக்கிறேன். 2023 அக்டோபர் முடிந்து, வரத் தயாராக நின்ற கூட்டத்தின் முன்னால் செலவைக் குறைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2024 அக்டோபரில் அணியை விற்கப்போவதாக அறிவித்தீர்கள். 2025 ஆகஸ்ட் 13 அன்று, பத்துப் பேர் போன இரண்டு வாரத்தில், விற்கவில்லை, பங்குதாரர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். இருப்பது என்று முடிவு செய்தவர்களிடம்தான் கேட்க முடியும். ஆகவே கேட்கிறேன்.

முதலாவதாக, எத்தனை சீசன்களை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எந்த ஆண்டு மறுபடி டிவிஷனுக்குப் போராட நினைக்கிறீர்கள், அதுவரை ஒவ்வோர் ஆண்டும் சம்பளப் பட்டியலுக்குக் குறைந்தது எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். டாய்ட் டெட்லைன் அன்று 18 வயதுப் பிள்ளை. அவர் வளர்ந்து வரும்வரை எங்களால் காத்திருக்க முடியும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும். இங்கேயே இருப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, ட்ரேடை மறுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டும் நம்பி நிற்கும் எங்கள் மூத்த வீரர் பைரன் பக்ஸ்டனுக்கும் அந்தப் பதில் சேர வேண்டியது.

இரண்டாவதாக, புதிய பங்குதாரர்கள் கொண்டுவந்த பணத்தில் எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு அணிக்கு என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். கோரெயாவின் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டதில் மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் வேறு வீரர்களுக்கே செலவாகும் என்று உறுதி கொடுங்கள். மிச்சமான சம்பளம் மைதானத்தில் பந்து பிடிக்காது.

மூன்றாவதாக, ஒவ்வோர் ஆண்டும் டெட்லைன் முடிந்த ஒரு வாரத்துக்குள் உரிமையாளர் ஒருவரே மேடையில் உட்கார்ந்து ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கூட்டத்தை நடத்துங்கள். ட்ரேட் செய்த அதிகாரிகளை முன்னால் நிறுத்தாதீர்கள். அவர்கள் உங்கள் வரம்புக்குள் வேலை செய்கிறவர்கள்.

நான்காவது, லீகின் மேசையில் உங்கள் வாக்கைப் பற்றியது. வீரர் சங்கத்தோடான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஐபிஎல் பெரிய ஏலத்திலும் அணிகள் கலைகின்றன, ரசிகர்கள் அழுகிறார்கள். ஆனால் எந்த ஆண்டு கலையும் என்பது முன்கூட்டியே தெரியும். 2025 சீசனுக்கான ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு, 120 கோடி ரூபாய். அதில் குறைந்தது 75 சதவீதத்தைச் செலவழித்தே ஆக வேண்டும். மேஜர் லீகில் 2025-ல் சம்பளப் பட்டியல் 24.1 கோடி டாலருக்கு மேல் போனால் வரி உண்டு, கீழே எவ்வளவு போனாலும் கேட்பாரில்லை. பணக்கார அணிகளைக் கட்டிப்போட உச்சவரம்பு வேண்டும் என்று மற்ற உரிமையாளர்கள் பேசுகிறார்கள். வீரர் சங்கம் அதை எப்போதும் எதிர்த்துவந்திருக்கிறது. 1994-ல் அந்தச் சண்டையில் உலகத் தொடரே நடக்காமல் போனது. உச்சவரம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும், குறைந்தபட்சச் செலவு என்ற அடித்தளத்துக்கும், அணிகளுக்கிடையிலான வருவாய்ப் பகிர்வில் கிடைக்கும் பணம் வீரர்களுக்கே செலவாகிறது என்பதைக் கணக்குக் காட்டும் விதிக்கும் ஆதரவாக வாக்களியுங்கள். அப்படி வாக்களிப்பீர்களா என்பதை அந்தப் பேச்சுவார்த்தை முடிவதற்குள் எங்களிடம் சொல்லுங்கள்.

இந்த நான்குக்கும் அடுத்த சீசன் டிக்கெட் விற்பனை தொடங்கும் முன் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் மைதானத்தின் பெரிய திரையில் வந்தாலும் சரி, செய்தித்தாளில் வந்தாலும் சரி. எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் பெயர் அதன் கீழே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மினியாபோலிஸ் புறநகரில் வாழும் ட்வின்ஸ் ரசிகன்